ஈரச் சாலையும் பந்தய டயரும்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் நெடுஞ்சாலையை அடுத்துத் தாமல் என்னும் ஊர் இருக்கிறது. பெரிய ஏரியை உடைய ஊர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிறையும்பொழுது உழவரின் உள்ளமும் நிறைகிறது. ஆனால் ஏரியில் பெய்யும் மழை சாலையிலும் பெய்கிறது. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் ஏறித் தொழிற்சாலைக்கும் கல்லூரிக்கும் விரைகின்ற இளைஞனுக்கு அந்த மழை வேறொரு முகத்தைக் காட்டுகிறது. நேற்று வரை அவனைத் தாங்கி நின்ற சாலை இன்று வழுக்குகிறது.

அதே நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கிச் சென்று, ஸ்ரீபெரும்புதூரைக் கடந்தால் இருங்காட்டுக்கோட்டையை அடைகிறோம். 1953இல் நிறுவப்பெற்ற மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் என்னும் சங்கம், பல்லாண்டுக் காலம் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்திலே பந்தயங்களை நடத்திவந்தது. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனியாக ஒரு பந்தயப் பாதையை அமைத்து, 1990இல் திறந்தது. ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட பாதை அது. சென்னைப் பகுதியில் ஓராண்டில் பெய்யும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. ஆகவே அங்கே பந்தயம் ஓட்டுபவர் மழையை எண்ணாதிருக்க முடியாது.

அன்பார்ந்த மாணவர்களே! ஒரு காட்சியை மனத்திலே கொண்டுவாருங்கள். மழை இப்பொழுதுதான் சற்று ஓய்ந்திருக்கிறது. குளிர்ந்த காற்று வீசுகிறது. பாதை நனைந்து கிடக்கிறது. பந்தயம் தொடங்க இன்னும் பத்து நிமிடமே உள்ளது. வண்டி தாங்கியின் மேல் நிற்கிறது, சக்கரங்கள் கழற்றப்பட்டிருக்கின்றன. எந்த டயரை மாட்டுவது? இதுதான் இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினா. விடை தவறினால் பந்தயம் மட்டுமன்று, உயிரே போகக்கூடும்.

முதலில், டயர் செய்யும் வேலை யாது என்று பார்ப்போம். மோட்டார் சைக்கிள் எவ்வளவு பெரிதாயினும், அது நிலத்தைத் தொடுவது உள்ளங்கை அளவுள்ள இரண்டே இடங்களில்தான். வேகம் கூட்டுவதும், தடை போடுவதும், வளைவில் திரும்புவதும் அந்த இரண்டு உள்ளங்கைகளின் பிடிப்பைக் கொண்டே நடைபெறுகின்றன. சக்கரம் நிலத்தைப் பற்றக்கூடிய மிகுதியான விசையை, அதன்மேல் அமர்ந்த எடையால் வகுத்தால் வருகின்ற எண்ணை உராய்வுக் குணகம் என்கிறோம். அந்த எண் 1 ஆக இருந்தால், ஓட்டுபவர் வண்டியை 45 டிகிரி சாய்த்துத் திரும்பலாம். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கலாம். அதே எண் 0.5 ஆகக் குறைந்துவிட்டால், சாய்வு 27 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. வேகம் 56 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வண்டி வழுக்கி விழும். இயற்பியல் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

மழை ஏன் அந்த எண்ணைக் குறைக்கிறது? ரப்பர் சாலையைப் பற்றுவது இரு வகையாலாகும். முதலாவது ஒட்டுதல். உலர்ந்த சாலையில் ரப்பரின் மூலக்கூறுகள் கல்லின் மேற்பரப்பை மிக நெருங்கி ஒரு கணம் ஒட்டிக்கொள்கின்றன, பின்பு பிரிகின்றன. இடையே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று புகுந்தாலும் இந்த ஒட்டுதல் பெரும்பாலும் அற்றுப்போகிறது. மழையில் நாம் முதலில் இழப்பது இதைத்தான்.

இரண்டாவது வகையை விளங்கிக்கொள்ள இரண்டு ரப்பர்ப் பந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று தரையில் பட்டதும் துள்ளி எழுகிறது. மற்றொன்று 'பொத்'தென்று விழுந்து கிடக்கிறது. முதற்பந்து தான் பெற்ற ஆற்றலைத் திருப்பித் தந்துவிடுகிறது. இரண்டாவது பந்து அதனைத் தனக்குள்ளேயே வெப்பமாக மாற்றிவிடுகிறது. நசுங்கிய ரப்பர் பழைய வடிவத்திற்குத் திரும்பக் காட்டும் இந்தச் சுணக்கத்தை இயற்பியலார் தயக்கம் என்பர்.

எந்தப் பந்தின் ரப்பர் மழைக்கு உகந்தது? துள்ளும் பந்தின் ரப்பரே என்று பலரும் எண்ணக்கூடும். உண்மை அதற்கு மாறானது. தார்ச்சாலையின் மேற்பரப்பு சிறு சிறு கற்களால் ஆகியது. டயர் அவற்றின்மேல் சற்று வழுக்கிச் செல்லும்பொழுது, ஒவ்வொரு கல்லும் ரப்பருக்குள் அழுந்திப் புதைகிறது. கல்லின் முன்பக்கத்தை ரப்பர் அழுத்தித் தள்ளுகிறது. துள்ளும் ரப்பராயின், கல்லின் பின்பக்கத்தையும் உடனே வந்து நிரப்பி, அங்கேயும் அதே அளவு தள்ளும். இரு விசைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். தயங்கும் ரப்பர் பின்பக்கத்தை நிரப்பத் தாமதிக்கிறது. ஆகவே முன்பக்கத்து விசை மட்டும் எஞ்சி நின்று, வழுக்கலைத் தடுக்கிறது. நடுவில் நீர்ப்படலம் இருந்தாலும் இந்தத் தடுப்பு வேலை செய்யும்; ஏனெனில் இது ஒட்டுவதால் வருவதன்று, உருமாறுவதால் வருவது.

1958இல் இங்கிலாந்தில் கிரீன்வுட், டேபர் என்னும் அறிஞர் இருவர் இதனை ஆய்ந்து வெளியிட்டனர். வழவழப்புப் பொருள் பூசிய ரப்பரின் மேல் கடினமான உருண்டைகளையும் கூம்புகளையும் இழுத்து, அங்கே எஞ்சும் உராய்வு ரப்பருக்குள் ஏற்படும் ஆற்றல் இழப்பிலிருந்தே பிறக்கிறது என்று காட்டினர். இழப்பு என்று நாம் வருந்துவதே மழையில் நம்மைக் காப்பாற்றுகிறது! மழைக்கால டயரைப் பற்றிய முதற்பாடம் இதுவே: அது தயங்கும் ரப்பரால் ஆகியிருக்க வேண்டும்.

இனி நீரின் கதைக்கு வருவோம். மெல்லிய படலமாயின் தயங்கும் ரப்பர் சமாளித்துவிடும். நீர் தேங்கி நின்றால் என் செய்வது? ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். டயர் நிலத்தைத் தொடும் அகலம் 5 சென்டிமீட்டர் என்றும், நீரின் ஆழம் 2 மில்லிமீட்டர் என்றும், வேகம் மணிக்கு 108 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 30 மீட்டர் என்றும் கொள்வோம். அப்படியானால் அந்த டயர் ஒவ்வொரு நொடியும் மூன்று லிட்டர் நீரை வழியிலிருந்து விலக்க வேண்டும். தொடும் இடத்தின் நீளம் 10 சென்டிமீட்டர் என்றால், அந்த இடத்தைக் கடக்க ஆகும் நேரம் ஒரு நொடியில் முந்நூற்றில் ஒரு பங்கு. அதற்குள் நீர் வெளியேறாவிட்டால், டயர் நீரின்மேல் ஏறி மிதக்கத் தொடங்கும். அப்பொழுது கைப்பிடியைத் திருப்பினாலும் பயனில்லை. தடையைப் பிடித்தாலும் பயனில்லை.

டயரில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளங்கள் இந்த நீர் ஓடுவதற்கான கால்வாய்கள். ஏரிக்கு மதகு எப்படியோ, மழை டயருக்குப் பள்ளம் அப்படி. மோட்டார் சைக்கிள் டயரின் மேற்புறம் உருண்டையாக இருப்பதால், படகின் முனைபோல் நீரைப் பிளந்து செல்லும் நன்மையும் அதற்கு உண்டு. உள்ளே அடைத்த காற்றின் அழுத்தம் மிகுந்தால் மிதக்கத் தொடங்கும் வேகமும் மிகும். ஆயினும் எந்தப் பள்ளத்திற்கும், எந்த அழுத்தத்திற்கும் ஓர் எல்லை உண்டு.

மூன்றாவது பகைவன் குளிர். ரப்பர் மரத்தின் பால் குளிரில் விறைக்கும், வெயிலில் பிசுபிசுக்கும். 1839இல் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரைப் பதப்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். அதனால் அந்த நோய் குறைந்ததே தவிர, அடியோடு நீங்கவில்லை. ஒவ்வொரு ரப்பர்க் கலவையும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே மெல்ல மெல்ல விறைத்து, இறுதியில் கண்ணாடி போலாகிவிடும். 1986 ஜனவரி 28இல் சேலஞ்சர் விண்வெளி ஓடம் ஏழு பேருடன் சிதறியதற்குக் காரணம், குளிரில் நெகிழ்ச்சியை இழந்த ரப்பர் வளையம் ஒன்று. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலறிஞர் ரிச்சர்டு ஃபெய்ன்மன், அத்தகைய வளையத்தின் ஒரு துண்டை நெருக்கிப் பிடித்துப் பனிக்கட்டி நீரில் இட்டெடுத்து, அது உடனே பழைய வடிவத்திற்குத் திரும்பாததை எல்லோரும் காணச் செய்தார். குளிர்ந்த ரப்பர் கல்லின் வடிவத்திற்கு வளைந்து கொடுக்காது. வளையாத ரப்பருக்குப் பிடிப்பும் இல்லை.

உலர்ந்த பாதையில் பந்தயக்காரர் பயன்படுத்துவது பள்ளமே இல்லாத வழுவழுப்பான டயர். 'ஸ்லிக்' என்பது அதன் பெயர். அதன் கலவை ஏறத்தாழ 80 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் நன்றாகப் பற்றும். அதனால்தான் ஓட்டத்திற்கு முன் டயரின்மேல் மின்போர்வையைச் சுற்றிச் சூடேற்றி வைக்கிறார்கள். கோடை நண்பகலில் 50 டிகிரிக்கு மேல் காயும் நம் பாதை, மழை பெய்தால் 25 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. அந்த ஈரத்தில் ஸ்லிக்கை மாட்டினால் என்ன நேரும்? நீர் டயரின் சூட்டை விரைந்து பறித்துக்கொள்கிறது. சூடு குறையவே பிடிப்புக் குறைகிறது. பிடிப்பு இல்லாததால் ஓட்டுபவர் அழுத்தமாகச் சாய்க்கவும் தடை போடவும் அஞ்சுகிறார். அவ்வாறு அழுத்தாததால் டயர் நசுங்கி விரிவதும் குறைந்து, மேலும் குளிர்கிறது. ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் இந்தச் சுழலிலிருந்து மீள்வது அரிது.

மழை டயர் இந்தச் சுழலை உடைப்பதற்காகவே ஆக்கப்பட்டது. அதன் ரப்பர் மிக மென்மையானது. குறைந்த சூட்டிலும் வளைந்து கொடுப்பது. சிலிக்கா என்னும் மணற்சத்தைக் கலந்து செய்வது. பள்ளங்களுக்கு இடையே நிற்கும் கட்டிகள், நம் ஊர் டயர்க் கடைகளில் 'பட்டன்' என்று சொல்லப்படுபவை, ஓடும்பொழுது நெளிந்து நெளிந்து தமக்கு வேண்டிய சூட்டைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. ஆனால் இந்த நன்மையே பாதை காயத் தொடங்கியதும் தீமையாகிவிடுகிறது. நீர் குளிர்விக்காத இடத்தில் கட்டிகள் அளவுக்கு மீறிச் சூடேறிப் பிய்ந்து உதிர்கின்றன. அனுபவமுள்ளவர்கள் நேரான பகுதியில் வேண்டுமென்றே ஈரம் தங்கிய இடத்தைத் தேடி ஓட்டி, டயரைக் குளிர்விப்பதைக் காணலாம். ஸ்லிக்குக்கும் மழை டயருக்கும் நடுவே ஆழமற்ற பள்ளங்களுடன் செய்யப்படுவது இடைநிலை டயர். எல்லாப் பந்தயங்களிலும் அது கிடைப்பதில்லை.

ஆகவே தேர்வு செய்பவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் மூன்று. பாதையில் நீர் எவ்வளவு? பாதையின் வெப்பநிலை என்ன? அடுத்த அரை மணி நேரத்தில் இவ்விரண்டும் எத்திசையில் மாறப்போகின்றன? வானத்தைப் பார்ப்பது மூன்றாவது வினாவுக்கு மட்டுமே உதவும். முதல் இரண்டுக்கும் விடை தரையில் இருக்கிறது. நீர் தேங்கியிருந்தால் மழை டயர்; அதில் ஐயமே வேண்டா. ஈரம் மட்டும் இருந்து, பாதை குளிர்ந்து, மேகமும் கலையாதிருந்தால் அப்பொழுதும் மழை டயரே. ஓட்டும் வழி மட்டும் கோடுபோல் காய்ந்து, வெயிலும் வரத் தொடங்கினால்தான் ஸ்லிக்கைப் பற்றி எண்ண வேண்டும். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தன்மையன அல்ல என்பதையும் மறத்தலாகாது. பின்சக்கரம் சற்று வழுக்கினால் தேர்ந்தவர் பெரும்பாலும் சமாளித்துக்கொள்வார். முன்சக்கரம் வழுக்கினால் எண்ணுவதற்குள் விழுந்துவிடுவார்.

மூன்றாவது வினாவின் அருமையை விளக்க, உலக மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் 2016இல் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள் போதும். அவ்வாண்டு ஜூலை 17இல் ஜெர்மனியின் சாக்சன்ரிங் பாதையில் ஓட்டம் ஈரத்தில் தொடங்கியது. பாதை காயத் தொடங்கியதும், முன்னணியில் சென்றவர்கள் மழை டயருடனேயே சுற்றிக்கொண்டிருந்தனர். வழி தவறிச் சரளையில் இறங்கிப் பின்தங்கிவிட்ட மார்க் மார்க்கெஸ், அவர்களுக்கு முன்னதாகவே நிலையத்திற்குள் வந்து, ஸ்லிக் மாட்டிய தம் மாற்று வண்டியில் ஏறிச் சென்று வென்றார். அடுத்த மாதம் 21இல், செக் நாட்டின் புர்னோவில் கால் கிரட்ச்லோ செய்தது வேறு. மழை டயரிலேயே கடினமான வகையை இரு சக்கரங்களிலும் மாட்டினார். தொடக்கத்தில் மிகவும் பின்தங்கினார். ஆனால் பாதை காயக் காய மற்றவர்களின் மென்மையான டயர் தேய்ந்து தளர்ந்தது. இவர் ஒவ்வொருவராய்க் கடந்து முதலாவதாக வந்தார். இருவரும் ஓட்டம் தொடங்கிய கணத்திற்கு ஏற்றதை மட்டும் பாராமல், முடியப்போகும் கணத்திற்கு ஏற்றதையும் பார்த்தவர்கள்.

எல்லோருக்கும் ஒரே வண்டி, ஒரே டயர் என்று வகுத்து நடத்தும் பந்தயங்களும் நம் நாட்டில் உண்டு. அங்கே தேர்வுக்கு இடமில்லையே என்று நினைக்க வேண்டா, காற்று இருக்கிறது. 27 டிகிரி வெப்பநிலையில் 25 பவுண்டு அழுத்தத்திற்குக் காற்றடைத்ததாகக் கொள்வோம். வெளிக்காற்றின் அழுத்தமாகிய ஏறத்தாழ 15ஐக் கூட்டினால் மொத்தம் 40. உலர்ந்த பாதையில் ஓடி உட்காற்று 87 டிகிரியை அடைந்தால், தனி வெப்பநிலை 300லிருந்து 360 ஆகிறது. மொத்த அழுத்தம் 48 ஆகும். கருவி 33 என்று காட்டும். மழையில் அதே டயர் 47 டிகிரி வரைதான் ஏறுகிறது என்றால், கருவி 28 அளவே காட்டும். உலர்ந்த நாளில் டயர் அடைந்த விறைப்பை மழை நாளில் அது அடையாது. பள்ளங்கள் ஒடுங்கி நீர் செல்லும் வழியும் குறுகும். ஆதலால் டயர் செய்தவர் மழைக்கென்று குறித்த அளவை அறிந்து, குளிர்ந்த நிலையிலேயே அதற்கேற்பக் காற்றடைக்க வேண்டும். பள்ளியில் படித்த வாயு விதி இங்கே ஓட்டுபவரைக் காக்கிறது.

ஓட்டும் வழியையும் மாற்ற வேண்டும். உலர்ந்த நாளில் எல்லோரும் ஓட்டும் வழியில் டயர்களின் ரப்பர் படிந்து மெருகேறியிருக்கும். நனைந்ததும் அந்த மெருகே வழுக்கும். மழையில் தேர்ந்தவர்கள் அதை விட்டு விலகி, கல் சொரசொரப்பாய்த் தெரியும் புறத்தே ஓட்டுவார்கள். வளைவின் ஓரத்தில் வண்ணம் பூசிய மேடுகளைத் தொடவே மாட்டார்கள்.

இவ்வளவும் அறிந்த பின்னும், எந்த டயரும் உதவாத நாள் உண்டு. 2018 ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் பாதை நீரை வடியவிடாமல் தேக்கி வைத்தது. சனிக்கிழமைப் பயிற்சியில் ஓரிடத்தில் நீரில் வழுக்கிப் பலர் விழுந்தனர். ஒருவருக்குக் கால் முறிந்தது. மறுநாள், 26ஆம் தேதி, கூட்டம் காத்திருந்தபொழுதும் உலகின் தலைசிறந்த ஓட்டுநர்கள் ஓட்ட இசையவில்லை, பந்தயமே கைவிடப்பட்டது. அவர்களிடம் உயர்ந்த மழை டயர் இல்லாமலில்லை. ஓட்டாமல் இருப்பதும் ஒரு தேர்வு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இனி மீண்டும் தாமல் ஏரிக்கரைக்கு வருவோம். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம் பிற்காலத்தில் டயர் செய்யும் பெரிய நிறுவனமாயிற்று. இன்று ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் டயர்த் தொழிற்சாலைகள் இருக்கின்றன. டயர் செய்யும் நாட்டில் வாழ்கின்றோம். டயரை அறிந்து வாழ்கின்றோமா? பந்தய வண்டியின் ஸ்லிக்கைப் படத்தில் பார்த்துவிட்டு, தேய்ந்து வழுவழுப்பான தன் மொட்டை டயரும் அதைப் போன்றதே என்று எண்ணி மகிழும் இளைஞர்கள் உளர். இரண்டும் பார்வைக்கு ஒன்று, இயல்பில் வேறு. ஸ்லிக் சூட்டிலே இளகும் புதிய ரப்பர். மொட்டை டயரோ வயதாகி விறைத்த ரப்பர். அதில் நீருக்குக் கால்வாயும் இல்லை, கல்லுக்கு வளைந்து கொடுக்கும் தயக்கமும் இல்லை. நெடுநாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் குழைந்து நிற்கும் அந்தச் சில நிமிடங்களில், அது ஆளைக் கவிழ்த்துவிடும்.

பந்தயக்காரருக்குப் பத்து நிமிடம் இருந்தது. கைவசம் வேறு டயரும் இருந்தது. விழுந்தால் தூக்க ஆட்களும் அருகில் இருந்தார்கள். நெடுஞ்சாலையில் செல்பவனுக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. பின்னால் லாரி மட்டும் வருகிறது. ஆகவே அவனுடைய தேர்வு மழைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். நாளைக் காலையில் வண்டியை வெளியே எடுக்குமுன் குனிந்து டயரைப் பாருங்கள். பள்ளத்தின் அடியில் சிறு வரப்புப்போல் தேய்வுக் குறி இருக்கும். கட்டிகள் அந்த வரப்பின் மட்டத்திற்குத் தேய்ந்திருந்தால் அந்த டயரின் காலம் முடிந்தது. பக்கவாட்டில் வெடிப்புத் தெரிந்தாலும் அப்படியே. மாற்றும் வரை மழையில் வண்டியை எடுக்காதீர்கள், பேருந்தில் செல்லுங்கள்.